முப்பது நாளைக்குள்ள

உக்காருங்க மேடம். இந்தக் கேன்டீன்ல வடைய மட்டும் தொட்றாதீங்க, டீ நல்லா இருக்கும். பெரிய டாக்டர் காலையில என்னையக் கூப்புட்டு, சென்னையில இருந்து ஆராய்ச்சிக்கு ஒருத்தங்க வந்திருக்காங்க, என்ன கேட்டாலும் சொல்லுங்க குணசீலன்னாரு. என்ன கேட்டாலும் சொல்லுன்னா என்ன அர்த்தம்னு பதினோரு வருசமா இங்க பி.ஆர்.ஓ. வேல பாக்குற எனக்குத் தெரியாதா? சொல்லக்கூடியத மட்டும் சொல்லுன்னு அர்த்தம். இருந்தாலும் ஒங்ககிட்ட மறைக்க முடியாது. ஏன்னா நீங்க நேர்ல போய்ப் பாக்கணும்னு எடுத்து வச்சிருக்கிற லிஸ்ட்டுல அஞ்சாவது பேரப் பாத்துட்டேன். காசிமாயன், வயசு அம்பத்தி நாலு, உசிலம்பட்டி தாண்டி. அந்த வீட்டுக்கு மட்டும் போகாதீங்கன்னு சொல்லத்தான் ஒங்க முன்னாடி உக்காந்திருக்கேன்.

இருங்க, இருங்க. எழுதாதீங்க. காரணத்தக் கேட்டுட்டு அப்புறமா எழுதுங்க.

நீங்க கெட்டிக்காரவுக. எங்க ஐ.சி.யூ.வுல நூறு பேர் படுத்தா ரெண்டு பேருதான் சாகுறாங்க, மத்த ஆஸ்பத்திரியில பதினஞ்சு பேரு சாகுறாங்க, அது எப்படின்னு கேட்டீங்க. கேட்டதோட நிக்காம, அந்த அட்டவணையில அடுத்த கட்டத்தையும் பாத்துட்டீங்க. "சொந்த விருப்பத்தில் டிஸ்சார்ஜ், பத்தொம்பது." அதத்தான் நாங்க 'லாமா'ன்னு சொல்லுவோம். டாக்டர் பேச்ச மீறி நாங்களாவே எங்க ஆளக் கூட்டிட்டுப் போறோம்னு குடும்பம் கையெழுத்துப் போட்டுக் குடுக்கும். இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து வருசா வருசம் டை கட்டிக்கிட்டு ஆளுக வாராங்க. எந்த ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரின்னு மார்க் போடுறாங்க. ஒருத்தரும் இந்த ரெண்டு கட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்ததில்ல. பாத்திருந்தாலும் கேட்டதில்ல.

அந்தப் பத்தொம்பதும் என் வேலை மேடம். பெருமைக்குச் சொல்லல. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

இங்க வர்றதுக்கு முன்னாடி நான் கல்யாண மண்டபத்துல மேனேஜர். பந்தியில எடம் கெடைக்காத பங்காளியையும், பாயசம் பத்தலன்னு குதிக்கிற மாப்பிள்ளை வீட்டையும் சமாளிச்சவன். சொந்தக்காரங்க கூட்டத்துல யாருகிட்டப் பேசுனா காரியம் நடக்கும்னு நின்ன எடத்துல கண்டுபிடிச்சிருவேன். அழுகுறவங்ககிட்டப் பேசக்கூடாது. ஓரமா போன் பேசிக்கிட்டு நிப்பான் பாருங்க ஒருத்தன், அவன்கிட்டப் பேசணும். அதப் பாத்துத்தான் பெரிய டாக்டர் என்னையக் கூட்டிட்டு வந்தாரு.

எங்க பக்கத்துப் பழக்கம் ஒங்களுக்குத் தெரியுமோ என்னமோ. வெளியில உயிர் போனவங்கள வீட்டுக்குள்ள ஏத்த மாட்டாங்க. வாசல்ல பந்தலப் போட்டு அங்கேயே கெடத்தி, அங்கேயிருந்தே தூக்கிருவாங்க. சில ஊர்ல தெருவுக்குள்ளயே விட மாட்டாங்க, ஊரு எல்லையில நிப்பாட்டி வச்சு முகம் பாத்துட்டு அப்படியே கொண்டு போயிருவாங்க. காலமெல்லாம் கஷ்டப்பட்டு வீட்டக் கட்டிட்டு, கடைசியில அந்த வீட்டுக்குள்ள போக முடியலன்னா அது எம்புட்டுப் பெரிய கொடும. அதனால மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டு போயிறணும். உள்வீட்டுல கெடத்தி, சொந்தபந்தமெல்லாம் ஆளுக்கு ஒரு சொட்டுப் பால வாயில விட்டு, அதோட அடங்குனா அது நல்ல சாவு. நான் அந்த நல்ல சாவுக்கு ஏற்பாடு பண்ணிக் குடுக்குறவன். தப்பா?

ஒருத்தரையும் நான் வற்புறுத்துனது கெடையாது. சாகப் போறாருன்னு வாயால சொன்னதே கெடையாது. அவங்க தரையில உக்காந்திருந்தா நானும் தரையில உக்காருவேன். ஊர்ல வீடு எப்படிம்மா, வாசல் வரைக்கும் ஆம்புலன்ஸ் வருமா, இல்ல தெருமுனையில எறக்கித் தூக்கணுமா, இதத்தான் கேப்பேன். அம்புட்டுத்தான். அதுக்குள்ள வெளங்கிரும். ஒரு பொம்பள வாயப் பொத்திக்கிட்டு அழ ஆரம்பிச்சிரும். ஓரமா போன் பேசுறவன் பக்கத்துல வந்து, கையெழுத்து எங்க சார் போடணும்பான்.

நம்ம ஆம்புலன்ஸ் டிரைவர் ரபீக்குன்னு ஒரு தங்கமான பையன். கூட ஒரு டெக்னீசியன் போவாரு, பலூன அமுக்கி அமுக்கி மூச்சக் குடுத்துக்கிட்டே. வீட்டுல எறக்கி, கெடத்தி, எல்லாரும் வந்தாச்சான்னு கேட்டுட்டு தொண்டையில போட்ட டியூப்ப எடுத்துருவாங்க. பத்து நிமிசம், மிஞ்சிப் போனா அரை மணி நேரம். எங்க ஏட்டுல அவரு உயிரோட வெளிய போனவரு. பொய் ஒண்ணும் இல்லையே, உயிரோடதான போறாரு.

இந்தக் காசிமாயன் போன வருசம் தை மாசம் வந்தாரு. கொத்தனாரு. ரொம்ப வருசம் சிமிண்டுத் தூசியும் பீடியும். நெஞ்சு முழுக்கச் சளி கட்டி, மூச்சு விட முடியாம, மிஷின் போட்டாச்சு. அவரு பொண்டாட்டி ஒச்சம்மா. ஒரே பொண்ணு பவானி, திருப்பூர்ல கம்பெனி வேல, வேலைய விட்டுட்டு ஓடி வந்திருச்சு. ரெண்டு பேரும் ஐ.சி.யூ. வாசல்ல பாய விரிச்சுக்கிட்டு ஒம்பது நாளு. அந்தம்மா அழுகவே அழுகாது. கதவு தொறக்கும்போதெல்லாம் எந்திரிச்சு நிக்கும், மூடுனா உக்காந்துக்கும்.

ஒம்பதாவது நாளு காப்பீட்டு அட்டையில மிஷினுக்குக் குடுத்திருந்த நாள் முடிஞ்சு போச்சு. அடுத்த வாரம் தரச் சான்றிதழ் குடுக்குற குழு டெல்லியில இருந்து வருது. அந்தச் சான்றிதழ் கெடைச்சாத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி எங்கள முதல் வரிசை ஆஸ்பத்திரின்னு வச்சுக்கும், இல்லன்னா நோயாளிகள வேற எடத்துக்குத் திருப்பி விட்ருவாங்க. அந்த மாசம் ஏற்கனவே மூணு பேரு உள்ளயே செத்துட்டாங்க. எல்லாருக்கும் மொகம் சரியில்ல.

டூட்டியில இருந்த சின்ன டாக்டரு, புதுசா வந்த பொண்ணு, ரவுண்ட்ஸ்ல மெதுவாச் சொல்லுச்சு. சார், நேத்துல இருந்து கொஞ்சம் தானா மூச்ச இழுக்குறாரு, இன்னும் நாலஞ்சு நாள் பாக்கலாம்னு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். பெரிய டாக்டர் என்னைய ஒரு பார்வ பாத்தாரு. "குணசீலன், பேசுங்க"ன்னாரு. அவரு அதுக்கு மேல எதுவும் சொல்லல மேடம், அத நீங்க எங்க வேணும்னாலும் எழுதிக்கலாம். போகச் சொல்லுன்னாரா? இல்ல. அனுப்புன்னு சொன்னாரா? இல்ல. பேசுங்கன்னாரு, நான் பேசுனேன்.

போயி அந்தம்மா பாய்லயே உக்காந்தேன். வீடு சொந்த வீடாம்மான்னு கேட்டேன். அவரே கட்டுனதுன்னுச்சு. ஊருக்கெல்லாம் கட்டிக் குடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா தன் வீட்டக் கட்டியிருக்காரு, ஆறு வருசம். புதுமனை போயி ரெண்டு வருசந்தான் ஆகுதாம். எனக்கு இதுக்கு மேல என்ன வேணும் சொல்லுங்க. அவரு கட்டுன வீட்டுக்குள்ள அவரு போகாம யாரும்மா போறதுன்னேன். அப்பத்தான் அந்தம்மா மொத மொதல்ல அழுதுச்சு. மச்சினன் ஒருத்தரு கையெழுத்துப் போட்டாரு. நானே வண்டியில ஏத்தி, கதவச் சாத்தி, கும்பிட்டு அனுப்பி வச்சேன்.

சாயங்காலம் ரபீக் போன் பண்றான். அண்ணே, டியூப்ப எடுத்து முக்கால் மணி நேரம் ஆச்சு, ஆளு மூச்சு விட்டுக்கிட்டே இருக்காரு, நான் என்ன செய்யங்கிறான். வேற என்ன செய்ய, சிலிண்டர எடுத்துக்கிட்டு நீ வந்துருன்னேன்.

அங்க நடந்ததெல்லாம் அப்புறமா அந்தம்மா சொல்லிக் கேட்டது. வாசல்ல பந்தல் போட மூங்கில் வந்து எறங்கிருச்சு. கொட்டுக்காரங்களுக்குச் சொல்லி விட்டாச்சு. சொந்தக்காரங்க வரிசையா வந்து பால் ஊத்துறாங்க. காசிமாயன் இருமுறாரு. மறுநாளும் ஊத்துறாங்க, இருமுறாரு. மூணாம் நாளு ஆளாளுக்கு வேலை வெட்டி இருக்குன்னு கெளம்பிட்டாங்க, மூங்கில மட்டும் சுவத்துல சாத்தி வச்சுட்டு. நாலாம் நாளு கண்ணத் தொறந்திருக்காரு. அஞ்சாம் நாளு மகளப் பேர் சொல்லிக் கூப்புட்டிருக்காரு.

ஆறாம் நாளு காலையில பதினோரு மணி. டெல்லிக்காரங்க நாலு பேரும் உள்ள இருக்காங்க. நான் புது யூனிபார்ம் போட்டுக்கிட்டு அவங்களுக்கு லிப்ட் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். போன் அடிக்குது. ஒச்சம்மா.

"சார், அவரு காப்பி கேக்குறாரு."

எனக்கு ஒரு நிமிசம் யாரு, என்னன்னே புரியல. புரிஞ்சதும் போன காதோட சேத்து அமுக்கிக்கிட்டேன். அந்தம்மா பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போகுது, ரெண்டு இட்லியப் பெசஞ்சு குடுத்தேன் சார், உள்ள போச்சு, ஆனா நெஞ்சுல கறகறன்னு சத்தம் வருது, ராத்திரி காய்ச்சல் அடிக்குது, வண்டி பிடிச்சுக் கூட்டிட்டு வந்துறவா சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கங்குது.

இந்த எடத்துலதான் மேடம் ஒங்களுக்கு ஒண்ணு வெளங்கணும். முப்பது நாளுன்னு ஒண்ணு இருக்கு, ஒங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. டிஸ்சார்ஜ் ஆன ஆளு முப்பது நாளைக்குள்ள திரும்பி வந்து படுத்தா, அது ஆஸ்பத்திரி மேல கரும்புள்ளி. ஏன் வந்தாரு, என்ன வைத்தியம் பாத்து அனுப்புனீங்கன்னு பைலத் தொறப்பாங்க. லாமா போன ஆளு, அதுவும் மிஷின்ல இருந்து போன ஆளு, உயிரோட காப்பி குடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தா? சின்ன டாக்டரு நாலஞ்சு நாள் பாக்கலாம்னு சொன்னத பைல்லயும் எழுதி வச்சிருக்கு, அது வெளிய வரும். கவர்மென்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லியிருக்கலாம்ல, அதத்தான கேக்க வாரீங்க? அங்க போனாலும் மொதல்ல எந்த ஆஸ்பத்திரியில பாத்தீங்கன்னு கேட்டு எங்க பேரத்தான் எழுதுவாங்க. நாலு பேரு லிப்டுக்குள்ள நின்னு என்னையவே பாக்குறாங்க. நூத்தி எழுபது பேரு சம்பளம் வாங்குற எடம் மேடம் இது.

நான் கொரலத் தாழ்த்திச் சொன்னேன். நல்லவிதமாத்தான் சொன்னேன்.

"அம்மா, சில பேருக்குக் கடைசியில இப்படித் தெளிவு வரும். அது நிக்காதும்மா. ரெண்டு நாளு, மிஞ்சிப் போனா மூணு நாளு. அவர அலைக்கழிக்காதீங்க. பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டு இருங்க."

சரிங்க சார்னு அந்தம்மா போன வச்சிருச்சு. நான் டெல்லிக்காரங்களோட மூணாவது மாடிக்குப் போயிட்டேன்.

சான்றிதழ் கெடைச்சிருச்சு. கேக் வெட்டுனோம். எனக்கு ஒரு ஷீல்டு குடுத்தாங்க, நோயாளி நலன்ல சிறந்த பணியாளர்னு.

முப்பதாவது நாளு, டிஸ்சார்ஜ் ஆனவங்களுக்குப் போன் போட்டு எப்படி இருக்காங்கன்னு கேட்டு எழுதுறதும் என் வேலைதான். கை வரல, ஆனா போட்டேன். இருபத்தி மூணாம் நாளு போயிட்டாருங்க சார்னுச்சு. நான் சொன்ன ரெண்டு நாளு பதினேழு நாளாயிருச்சு. திட்டப் போகுதுன்னு பாத்தா, புண்ணியவான் சார் நீங்க, அவரு கட்டுன வீட்டுலயே போனாருன்னுச்சு. நான் பாரத்துல "வீட்டில், அமைதியாக"ன்னு எழுதுனேன். ஒங்க கையில இருக்கிற பைல்ல இருக்கு பாருங்க, என் கையெழுத்துதான்.

அதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன். இந்தத் தை மாசக் கடைசியில அந்த மச்சினன் பத்திரிகையோட வந்துட்டாரு, முதலாமாண்டு நினைவு நாள், நீங்க கட்டாயம் வரணும்னு. வேல இருக்குன்னு சொல்லிப் பாத்தேன், விடல. போனா, தெருமுனையில பெருசா பிளக்ஸ். காசிமாயன் வெள்ளச் சட்ட போட்டுச் சிரிக்கிறாரு. கீழ சொந்தக்காரங்க பேரெல்லாம் போட்டு, கடைசி வரியில "நன்றி: திரு. குணசீலன், பி.ஆர்.ஓ." என்னத்துக்குப்பா இதெல்லாம்னேன். ஆனா பொய் சொல்லக்கூடாது, பேரப் பாக்க நல்லாவும் இருந்துச்சு.

மொதப் பந்தியில என்னைய உக்கார வச்சு ஒச்சம்மாவே பரிமாறுச்சு. சோறு வச்சு, குழம்ப ஊத்திட்டு, எதுக்கால குத்த வச்சு உக்காந்திருச்சு. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ஒரு வருசமா வச்சிருக்கேன் சார்னுச்சு.

அன்னைக்கு அந்தம்மா எனக்குப் போன் பண்ணுச்சுல்ல, அது ஸ்பீக்கர்ல போட்டிருந்துச்சாம் மேடம். அவரு தலமாட்டுல வச்சு.

அவருதான் போனே போடச் சொல்லியிருக்காரு. சார்கிட்டக் கேளு, ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னும் கொஞ்சம் தேறிருவேன்னு. நான் பேசுனது ஒவ்வொரு வார்த்தையும் அவரு காதுல விழுந்திருக்கு. போன வச்சதும் காப்பி ஆத்திக் குடுத்திருக்கு அந்தம்மா, வேணாம்னு மொகத்தத் திருப்பிக்கிட்டாராம். அன்னைக்கு மத்தியானம் மகளக் கூப்புட்டு, வீட்டுப் பத்திரம் எங்க இருக்கு, யாருகிட்டக் கவனமா இருக்கணும், எல்லாத்தையும் சொல்லிட்டாராம். மருந்துக் கடையில வாங்கி வந்த காய்ச்சல் மாத்திரையையும் வேணாம்னுட்டாராம். ரெண்டு நாளுதான, எதுக்குக் காசக் கரியாக்குறீங்கன்னு. கஞ்சியும் ஒரு வாய், ரெண்டு வாய், அதுக்கு மேல எறக்கல. போறவனுக்கு எதுக்குன்னு.

ரெண்டு நாளு போச்சு. மூணு நாளு போச்சு. நாலாவது நாளு பொண்டாட்டியக் கூப்புட்டிருக்காரு.

ஒச்சம்மா என் எலையப் பாத்துக்கிட்டே சொல்லுது. "'நான் ஏதும் தப்பு பண்றேனா, ஏன் இன்னும் போக மாட்டேங்குதுன்னு சார்கிட்ட ஒரு வார்த்தை கேளு'ன்னாரு சார். தெனமும் கேட்டாரு. ஒங்களுக்கு நூறு சோலி இருக்கும், தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நாந்தான் போன் பண்ணல."

கோவமா சொல்லல மேடம். கோவமா சொல்லியிருந்தா எந்திரிச்சு வந்திருப்பேன். ஒரு வெவரம் தெரிஞ்ச ஆளுகிட்டக் கேக்குற மாதிரி கேக்குது. எதனால சார் அப்படி இழுத்துச்சு, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னுச்சு. பக்கத்துல அந்தப் பொண்ணு பவானி தண்ணிச் செம்போட நின்னு என் வாயவே பாக்குது. நான் என்ன சொல்ல? ஒவ்வொரு ஒடம்பு ஒவ்வொரு மாதிரிம்மான்னேன். அப்படியாங்க சார்னு தலைய ஆட்டுச்சு. ஆனா திருப்திப்படல. எனக்கு நல்லாத் தெரியும், திருப்திப்படல. பதினேழு நாளு அந்த மனுசன் பசியோட படுத்துக்கெடந்திருக்காரு மேடம், நான் சொன்ன சொல்லக் காப்பாத்த. எனக்குச் சோறு எறங்கல. மூணு மாசமாவே சரியா எறங்கல.

நீங்க என்னைய அப்படிப் பாக்காதீங்க. நான் யாருக்கும் கெட்டது நெனச்சவன் இல்ல. அந்தம்மா நிம்மதியா இருக்கு, அவரு நல்லபடியாப் போனாருன்னு நம்பிக்கிட்டு இருக்கு. நீங்க போயி, சாப்புட்டாரா, பேசுனாரா, திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கேட்டீங்களா, எந்தத் தேதியில கேட்டீங்கன்னு வரிசையா கேக்க ஆரம்பிச்சீங்கன்னா, பாதியிலயே அதுக்கு வெளங்கிரும். அதுக்குத்தான் வேணாங்கிறேன். எனக்காக இல்ல.

முடியாதுங்கிறீங்க. லிஸ்ட்டுல வந்த பேர மாத்த முடியாது, மாத்துனா ஆராய்ச்சி கெட்டுப்போகும். சரி. ஒங்க வேல ஒங்களுக்கு.

அப்பப் போங்க. காலையில எட்டு மணிக்கு வெளிய ஸ்டாப்புல நின்னா பஸ் இருக்கு. ஆனா ஒண்ணு மேடம். நீங்க படிச்சவங்க, மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கீங்க, ஆஸ்பத்திரி வெவகாரம் எல்லாம் தெரிஞ்சவங்கன்னு தெரிஞ்சதும், நீங்க ஒரு கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி அந்தம்மா ஒங்ககிட்டக் கேக்கும். எம் புருசனுக்கு ஏம்மா அன்னைக்கு ரெண்டு நாள்ல உயிர் போகலன்னு கேக்கும். பொண்ணும் பக்கத்துலதான் நிக்கும்.

நான் நெசத்தச் சொல்லல. நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எங்கிட்ட இப்பச் சொல்லிட்டுப் போங்க.